முடியாத சீசனை முடித்து வைத்த விதம்: 2019–20 கால்பந்து லீக்குகள் குறித்து ஒரு மதிப்புரை

கால்பந்து லீக் ஒன்று தன் ரசிகர்களுக்கும் தன்னில் ஆடும் கிளப்புகளுக்கும் அளிப்பதாகச் சொல்லும் சேவை மிக எளிமையானது. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியையும் சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலும் சந்திக்கும். குறித்த ஆட்டங்கள் அத்தனையும் முடிந்த பிறகே யார் சாம்பியன், யார் மேல் பிரிவுக்குப் போவது, யார் கீழே இறங்குவது என்பதைப் புள்ளிப் பட்டியல் சொல்லும். இந்த வாக்குறுதியை நம்பித்தான் கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்குகின்றன, ரசிகர்கள் டிக்கெட்டும் சந்தாவும் கட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று இந்த வாக்குறுதியைப் பெரும்பாலான நாடுகளில் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அறுத்துப் போட்டது. அதற்கு எந்த நிர்வாகத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அறுந்ததை அவர்கள் எப்படி முடிச்சிட்டார்கள் என்பது அவரவர் பொறுப்பு. ஒரு சேவையை மதிப்பிடும் அதே கண்டிப்புடன் அதை மதிப்பிடலாம் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஆளில்லாத அரங்கு எப்படி இருக்கும் என்பதை நாமும் அந்த மார்ச்சிலேயே பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபத்தோர்டா அரங்கில் சென்னையின் எஃப்சியும் கொல்கத்தாவின் ஏடிகேவும் மோதிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம் பார்வையாளர் ஒருவரும் இன்றி நடந்தது. சென்னை 3–1 என்று தோற்றது. அடுத்த மூன்று மாதங்களுக்கு, நான் ஆண்டுச் சந்தா கட்டியிருந்த ஒளிபரப்புச் சேவையில் நேரலை என்று ஒன்றும் இல்லை. சந்தாவை நீட்டித்துத் தரும்படி இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. அந்த இழப்பு சிறியது. கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்ட ஒரு சிறு கிளப்பின் இழப்போடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

நிர்வாகங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பூட்டிய அரங்கில் எஞ்சிய ஆட்டங்களை ஆடி முடிப்பது ஒன்று. சீசன் நடக்கவே இல்லை என்று அழித்துவிடுவது இன்னொன்று. ஆடிய ஆட்டங்களைக் கொண்டு ஏதோ ஒரு கணக்கில் முடிவு காண்பது மூன்றாவது. மூன்றாவதில் பெரும்பாலோர் கைக்கொண்டது சராசரிப் புள்ளி முறை: ஓர் அணி பெற்ற புள்ளிகளை அது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவின்படி அணிகளை வரிசைப்படுத்துவது. பார்க்க நியாயமானது. எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆடியிராதபோது வெறும் மொத்தப் புள்ளிகளை ஒப்பிடுவதைவிட இது மேல் என்பதிலும் ஐயமில்லை. ஆனாலும் இந்த முறையின் உண்மையான இயல்பை, அது மிக நெருக்கமான போட்டியில் பயன்படும்போதுதான் காண முடியும். அதற்கு இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கான ‘லீக் ஒன்’ என்ற லீக்கைவிடச் சிறந்த இடம் இல்லை.

அந்த லீக்கின் சீசன் தொடக்கத்திலேயே ஊனப்பட்டது. பெரி கிளப் 2019 ஆகஸ்ட் இறுதியில் நிதி நெருக்கடியால் வெளியேற்றப்பட்டதால் 24 அணிகள் 23 ஆயின; ஒவ்வோர் அணிக்கும் ஆட்டங்கள் 44 ஆகக் குறைந்தன. மார்ச்சில் ஆட்டம் நின்றபோது சில அணிகள் 34 ஆட்டங்களும், சில 35 அல்லது 36 ஆட்டங்களும் ஆடியிருந்தன. இந்த அடுக்கில் கிளப்புகள் வாழ்வது நுழைவுச் சீட்டு வருமானத்தில். தொலைக்காட்சிப் பணம் பெரிதாக இல்லை. பூட்டிய அரங்கில் ஆடினால் வரவு ஏதும் இன்றி, வைரஸ் பரிசோதனைக்கும் ஆட்டக்காரர் ஊதியத்துக்கும் செலவழிக்க வேண்டும். ஆகவே ஜூன் 9 அன்று கிளப்புகள் பெரும்பான்மையாக வாக்களித்து, சீசனை அங்கேயே நிறுத்திச் சராசரிப் புள்ளியை ஏற்றன. நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை.

ஊரடங்கில் வீட்டில் இருந்த அந்த நாட்களில், பழைய கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் இந்தப் பட்டியலை எழுதி, ஒவ்வோர் அணியாக வகுத்துப் பார்த்தேன். விக்கம் வாண்டரர்ஸ் 34 ஆட்டங்களில் 59 புள்ளிகள், ஈவு 1.735. ஆக்ஸ்ஃபோர்டு 35 ஆட்டங்களில் 60, ஈவு 1.714. பீட்டர்பரோ 35 ஆட்டங்களில் 59, ஈவு 1.686. எட்டாம் இடத்தில் இருந்த விக்கம் ஒரே வகுத்தலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ஆறாம் இடத்தில், அதாவது பிளே-ஆஃப் (மேல் பிரிவில் எஞ்சிய ஓர் இடத்துக்கான கூடுதல் ஆட்டங்கள்) ஆடும் கடைசி இடத்தில் இருந்த பீட்டர்பரோ, ஏழாம் இடத்துக்கு நழுவி வாய்ப்பை இழந்தது. இடையே ஒருவரும் பந்தை உதைக்கவில்லை. விக்கம் அணி பிளே-ஆஃப் ஆடி, ஜூலை 13 அன்று லண்டனின் ஆளில்லாத வெம்ப்ளி அரங்கில் ஆக்ஸ்ஃபோர்டை 2–1 என வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் அடுக்குக்குப் போனது. கேரத் எய்ன்ஸ்வொர்த் என்ற பயிற்சியாளர் சிறு நிதியில் கட்டி எழுப்பிய அந்த அணிமீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் களத்தில் ஆடித்தான் மேலே போனார்கள். பீட்டர்பரோவுக்கு அந்தக் களம்கூடத் தரப்படவில்லை என்பதுதான் குறை.

பட்டியலின் அடிப்பகுதியில் நடந்தது இதைவிடக் கசப்பானது. டிரான்மியர் ரோவர்ஸ் 34 ஆட்டங்களில் 32 புள்ளிகளுடன் தரமிறக்க இடத்தில் இருந்தது. அதற்கு நேர் மேலே ஏஎஃப்சி விம்பிள்டன், 35 ஆட்டங்களில் 35 புள்ளிகள். ஈவு 0.94, 1.00. வித்தியாசம் மூன்றே புள்ளிகள். டிரான்மியருக்குக் கையில் கூடுதலாக ஓர் ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்தை வென்றால் இரண்டும் சமம். அதுவும், சீசன் நின்றபோது டிரான்மியர் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது. சராசரி இதை எதையும் காணாது. ஆகஸ்டில் தடுமாறிய அணியையும் மார்ச்சில் எழுந்து நின்ற அணியையும் அது ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக்கிவிடும். எஞ்சிய பத்து ஆட்டங்களும் சென்ற முப்பத்து நான்கைப் போலவே இருந்திருக்கும் என்ற அனுமானம்தான் அந்த எண்ணின் உள்ளே இருக்கிறது. கால்பந்தை ஒரு சீசன் முழுக்கப் பார்த்தவர் எவரும் அந்த அனுமானத்துக்குக் கையெழுத்திட மாட்டார்.

டிரான்மியரின் தலைவர் மார்க் பேலியோஸ் அப்போது ஒரு மாற்றை முன்வைத்தார். சராசரிப் புள்ளியை ஏற்போம். ஆனால் ஒரு சீசனின் இந்தக் கட்டத்தில் இருக்கும் சராசரி, இறுதி இடத்தை எவ்வளவு பிழையுடன் கணிக்கிறது என்பதைப் பழைய சீசன்களிலிருந்து பார்த்து, அந்தப் பிழை எல்லைக்குள் இருக்கும் அணியைத் தண்டிக்காமல் விடுவோம் என்பது அதன் சாரம். என் பார்வையில் அந்தக் கோடையில் எந்த நாட்டிலும் முன்வைக்கப்பட்ட யோசனைகளிலேயே நேர்மையானது இதுதான். தன் கிளப்புக்குச் சாதகம் என்பதால் அவர் சொன்னார் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. உண்மைதான், சாதகம்தான். ஆனால் எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் தத்தம் இடம் பட்டியலில் கண்முன் எழுதப்பட்டிருந்ததே! யோசனை ஏற்கப்படவில்லை. டிரான்மியர் இறங்கியது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பரிசையும் தண்டனையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சீசன் பாதியில் நின்றாலும், போதிய முன்னிலை பெற்ற அணிக்குக் கோப்பையைக் கொடுப்பதால் எவருக்கும் பெரும் தீங்கு வராது. ஆனால் தரமிறக்கம் என்பது வருமானம், வேலை, ஆட்டக்காரர் ஒப்பந்தம் எல்லாவற்றையும் பறிப்பது. இன்னும் தப்பிக்க வழி இருந்த ஓர் அணியை, நடக்காத ஆட்டங்களை நடந்ததாக அனுமானித்து இறக்குவது, விசாரணை முடியுமுன் தீர்ப்பு எழுதுவது. தப்பவே முடியாது என்று கணக்கு ஏற்கெனவே காட்டியிருந்தால் மட்டும் இறக்கலாம். இல்லையெனில் அடுத்த சீசனில் ஓர் அணியோ இரண்டு அணிகளோ கூடுதலாக வைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனால், அங்கே அவசரம்தான் முதலில் தெரிகிறது. பிரதமர் எடுவார் ஃபிலிப் ஏப்ரல் 28 அன்று தொழில்முறை விளையாட்டுகளின் அந்தச் சீசன் தொடராது என்று அறிவித்தார்; இரண்டே நாளில், ஏப்ரல் 30 அன்று, லீக் நிர்வாகம் சராசரியின்படி பட்டியலை மூடிவிட்டது. பாரிஸ் அணிக்குக் கோப்பை கிடைத்ததில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் 38 சுற்றுகளில் 28 மட்டுமே முடிந்திருந்த நிலையில், தனக்கு நேர் மேலே இருந்த அணியைவிட நான்கே புள்ளிகள் பின்தங்கியிருந்த அமியான் அணியும் இறக்கப்பட்டது. பத்து ஆட்டங்கள், அதாவது முப்பது புள்ளிகள் எஞ்சியிருந்தன. ஜூன் 9 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அமியான், துலூஸ் இரண்டின் தரமிறக்கத்தையும் நிறுத்திவைத்து, அடுத்த சீசனின் அமைப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 22 அணிகள் கொண்ட லீக்குக்குக் கதவு திறந்தது. கிளப்புகளும் நிர்வாகமும் கூடி 20 அணிகளே போதும் என்று அந்தக் கதவை மூடின. ஏழாம் இடத்தில் நின்ற லியோன் ஐரோப்பியப் போட்டிக்கான இடத்தை இழந்தது. அதே லியோன் ஆகஸ்டில் லிஸ்பனில் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. ஜெர்மனி மே 16 அன்றும், ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி மூன்றும் ஜூனிலும் ஆட்டத்தைத் தொடங்கி முடித்ததைப் பார்க்கையில், பிரான்ஸ் இன்னும் ஒரு மாதமாவது பொறுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. அது லீக்கின் கையில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் நடைமுறையே பழுது. சீசனை முடிப்பதற்கான தீர்மானம், பரிசுப் பணத்தைப் பகிர்ந்தளிப்பதோடு பிணைக்கப்பட்டு, கையில் காசில்லாத கிளப்புகள் முன் வைக்கப்பட்டது. டண்டீ கிளப் எதிராக அனுப்பிய வாக்கு உரிய நாளில் லீக் அலுவலகத்தில் சேரவில்லை என்று சொல்லப்பட்டது. ஐந்து நாள் கழித்து அதே கிளப் ஆதரவாக வாக்களிக்கத் தீர்மானம் நிறைவேறியது. 30 ஆட்டங்களில் 80 புள்ளிகளுடன் 13 புள்ளிகள் முன்னிலையில் இருந்த செல்டிக் சாம்பியன் ஆனது சரி. எட்டு ஆட்டங்கள் மீதமிருக்க நான்கு புள்ளிகள் பின்தங்கிய ஹார்ட்ஸ் இறக்கப்பட்டது சரியில்லை. இரண்டாம் அடுக்கில் அதேபோல இறக்கப்பட்ட பார்ட்டிக் திஸில், மேலே இருந்த அணியைவிட இரண்டு புள்ளிகளே குறைவு, அதுவும் ஓர் ஆட்டம் குறைவாக ஆடி. லீக்கைப் பெரிதாக்கும் யோசனைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவர் மன்றமும் லீக்கின் பக்கமே நின்றது. விதிப்படி செய்தார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தது. நியாயமாகச் செய்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

அழித்துவிடும் வழி தண்டனையைத் தவிர்க்கிறது, ஆனால் உழைப்பையும் சேர்த்து அழிக்கிறது. நெதர்லாந்தில் அயாக்ஸும் ஏசட் அணியும் தலா 25 ஆட்டங்களில் 56 புள்ளிகளுடன் சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் மேலே, நேருக்கு நேர் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது ஏசட். சாம்பியன் இல்லை என்று சொன்னது பொருத்தமான முடிவு. ஆனால் இரண்டாம் அடுக்கில் மூன்றாம் இடத்தைவிட மிகத் தொலைவில் முன்னே இருந்த காம்பூருக்குத் தரஉயர்வு மறுக்கப்பட்டது. 34 கிளப்புகளிடம் கேட்டபோது 16 பேர் ஏற்றமும் இறக்கமும் வேண்டும் என்றும் 9 பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். எஞ்சிய 9 பேர் எதுவும் சொல்லவில்லை. இந்த வாக்கை வைத்துக்கொண்டு கூட்டமைப்பு ‘வேண்டாம்’ என்ற பக்கம் சாய்ந்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை. இங்கிலாந்தின் பத்தாம் அடுக்கில் ஜெர்சி புல்ஸ் என்ற புதிய அணி தன் முதல் சீசனில் ஆடிய 27 ஆட்டங்களில் 27ஐயும் வென்றிருந்தது. கீழ் அடுக்குகளின் முடிவுகள் அனைத்தும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டபோது அவையும் போயின. ஜெர்சி தீவிலிருந்து கடல் கடந்து வந்து ஆடிய அணி அது.

நம் நாட்டில் ஐ-லீக் இதைவிட நிதானமாக நடந்துகொண்டது. மோகன் பகான் மார்ச் 10 அன்றே, நான்கு சுற்றுகள் மீதமிருக்க, 16 ஆட்டங்களில் 39 புள்ளிகளுடன் எவரும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. அவர்களைச் சாம்பியன் என்று அறிவித்து, எவரையும் தரமிறக்காமல், மற்ற பரிசுத் தொகையை ஏனைய அணிகளுக்குச் சமமாகப் பகிர்ந்துகொடுத்தார்கள். வென்றவர்களுக்கு உரியது கிடைத்தது, மற்றவர்கள் எதையும் இழக்கவில்லை. இரண்டாம் இடத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு மனக்குறை இருந்திருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக் மட்டும் என்னைச் சற்றுத் தயங்க வைக்கிறது. அங்கே மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டங்களில் 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. செல்சி 15 ஆட்டங்களில் 39. ஈவு 2.5, 2.6. முதலிடத்தில் இருந்த அணி கோப்பையை இழக்க, செல்சி சாம்பியன் ஆனது. செல்சியை மறுப்பதும் நியாயமில்லை. அவர்கள் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனால் ஒரே ஒரு புள்ளி இடைவெளியில் ‘சாம்பியன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதைவிட, நெதர்லாந்தைப் போல அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஆடி முடித்த, இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. மார்ச்சில் லிவர்பூல் 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அந்தக் கோப்பைக்கு ஆட்டங்கள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கீழே. ஆஸ்டன் வில்லா 28 ஆட்டங்களில் 25 புள்ளிகளுடன் 19ஆம் இடத்தில் இருந்தது. சராசரி முறை வந்திருந்தால் அந்த அணி இறங்கியிருக்கும். ஜூன் 17 அன்று மீண்டும் தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே, ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கோல்கீப்பர் நைலன்ட், பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிப் பின்னால் போனதை நாங்கள் எல்லோரும் திரையில் கண்டோம். பந்து கோட்டைக் கடந்ததைக் கேமராக்கள் கண்டால் அதிர்ந்து சொல்லும் தன் கைக்கடிகாரத்தை நடுவர் மைக்கேல் ஆலிவர் சுட்டிக்காட்டினார்: அது அதிரவில்லை. கேமராக்கள் அனைத்தும் ஆட்டக்காரர்களாலும் கம்பத்தாலும் மறைக்கப்பட்டிருந்தன என்றும், 9,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நேர்ந்தது இதுவே முதல் முறை என்றும் சொல்லி, அந்தத் தொழில்நுட்பத்தை இயக்கும் ஹாக்-ஐ நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0–0. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளிகளுடன் தப்பியது. 34 புள்ளிகளுடன் போர்ன்மத்தும் வாட்ஃபோர்டும் இறங்கின.

ஆடி முடித்தாலும் முழு நியாயம் கிடைத்துவிடாது என்பதை இது காட்டுகிறது. ரசிகர்கள் இல்லை, சொந்த மைதானம் என்ற சொல்லுக்கே பொருள் குறைந்திருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் மூன்றிலிருந்து ஐந்தாக்கப்பட்டார்கள். ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிந்ததால் ரயன் ஃப்ரேசர் போர்ன்மத்தை விட்டு சீசன் முடியுமுன்பே வெளியேறினார். ஒளிபரப்பில் ஏற்றிச் சேர்த்த கூட்டத்தின் ஆரவாரம் கோல் விழுந்த பிறகு அரை நொடி தாமதித்து எழுந்தது. இத்தனைக்கும் பிறகும் இந்தச் சேவைக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். ஜூலை 26 அன்று வெஸ்ட் ஹாம் மைதானத்தில் 84ஆம் நிமிடத்தில் வில்லாவின் கிரீலிஷ் கோல் அடித்ததும், மறுநிமிடமே வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர் யார்மோலென்கோவின் உதையில் அது சமமானதும், பிறகு வில்லா ஆட்டக்காரர்கள் இறுதி விசிலுக்காகத் தவித்து நின்றதும் களத்தில் நடந்தவை. அன்று எவர்ட்டனை 3–1 என வென்றும் இறங்கிய போர்ன்மத்துக்குக்கூட, தன் 38 ஆட்டங்களையும் ஆடினோம் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இந்த வசதி பணத்தால் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் பெரும்பணம் பிரீமியர் லீக்கை ஆட வைத்தது. அந்தப் பணம் இல்லாததால் ‘லீக் ஒன்’ ஆடவில்லை. ஆட முடியாத லீக்குகளிடம் ஆடியிருக்க வேண்டும் என்று கேட்பது அநீதி. ஆனால் விதியை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்கள், பட்டியலைக் கண்முன் வைத்துக்கொண்டு விதி எழுதும்போது, சந்தேகத்தின் பலனைக் கீழே நிற்பவனுக்குத் தந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. அடுத்த சீசனில் கூடுதலாக இரண்டொரு அணிகள் மட்டுமே.

2020–21 சீசனில் ஹார்ட்ஸ், பார்ட்டிக் திஸில், காம்பூர் மூன்றும் தத்தம் பிரிவுகளில் முதலிடம் பிடித்து மேலே ஏறின. டிரான்மியர் தன் பிரிவில் ஏழாம் இடம் பெற்றுப் பிளே-ஆஃபுக்குப் போய், அரையிறுதியில் மோர்க்கம் அணியிடம் தோற்றுக் கீழேயே தங்கியது.